ஒரு வயதில் மாற வேண்டிய வரிசை... முதலில் சாப்பாடு, பிறகுதான் பால்!

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுச் செல்லம், என் அக்காவின் 13 மாத மகள். கொழுகொழு கன்னமும் கை மடிப்புமாக இருப்பாள். பார்க்கிறவர்கள் எல்லாம், "கண்ணு பட்டுடும், சுத்திப்போடுங்க" என்பார்கள். ஆனால், சாப்பாடு மட்டும் இறங்காது. பருப்புச் சாதத்தை வாயில் வைத்தால் துப்பிவிடுவாள். பால் பாட்டிலைக் கண்டால் போதும், இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். எழுந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. ராத்திரி அழுதால் ஐந்தாவது.

"விடு கண்ணு, புள்ளதான் பால் குடிச்சிருச்சே... அது போதும்" என்று அக்காவைத் தேற்றுவார் குழந்தையின் அம்மாயியான என் அம்மா. சித்தியான எனக்கும் அது சரியென்றே பட்டது.

சளிக்காக மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. குழந்தையின் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தவர், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதில் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை என்பது நம் நாட்டுத் திட்டங்கள் வைத்திருக்கும் கணக்கு. 'ஒரு நாளைக்கு எவ்வளவு பால் கொடுக்கறீங்க?' என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒரு லிட்டர்!

கொழுகொழு குழந்தைக்கு ரத்தசோகையா?

வரும். 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்திய அளவில் இது 67.1 சதவிகிதம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிற ஒன்று, அளவுக்கு மீறிய பால்.

பால் கெட்டதல்ல. அதில் புரதம் இருக்கிறது, கால்சியம் இருக்கிறது. ஆனால், இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. ஒரு வயதுக் குழந்தைக்கு உணவிலிருந்து தினமும் ஏழெட்டு மில்லிகிராம் தேவை. பாலில் உள்ள கால்சியமோ, மற்ற உணவிலிருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் குறைக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு லிட்டர் பாலில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவதே 900 முதல் 1,000 கலோரிதான். மூன்றில் இரண்டு பங்கு வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால், சாதத்துக்கு எங்கே இடம்? எடை ஏறும், கன்னம் உப்பும், ரத்தம் மட்டும் குறைந்துகொண்டே போகும். மூளை வேகமாக வளரும் வயதில் இரும்புச்சத்து குறைந்தால் கற்றலும் கவனமும் பாதிக்கப்படலாம் என்பதால்தான் மருத்துவர்கள் இதைச் சாதாரணமாக விடுவதில்லை.

மாதத்துக்கு ஏற்ப மாறும் கணக்கு

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தாயின் வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்பு அதற்குப் பிறகு தீரத் தொடங்கும். அதனால்தான் 6 மாதம் முடிந்ததும் இணை உணவு. 6 முதல் 8 மாதத்தில் தினமும் இரண்டு, மூன்று வேளை. சில ஸ்பூனில் தொடங்கி, வேளைக்கு 250 மி.லி கிண்ணத்தில் பாதி வரை. 9 முதல் 11 மாதத்தில் அதே பாதிக் கிண்ணம், மூன்று, நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம் வரை மூன்று, நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு முறை நொறுக்கு.

6 முதல் 12 மாதம் வரை குழந்தைக்குத் தேவையான சக்தியில் பாதியையோ, அதற்கு மேலோ தாய்ப்பால் தரும். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை மூன்றில் ஒரு பங்கு தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒரு வயதில் வரிசை மாறுகிறது. அதுவரை பால் பிரதானம், உணவு துணை. அதன் பிறகு உணவு பிரதானம், பால் துணை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குறைக்கச் சொல்வது பாட்டில் பாலை; தாய்ப்பாலை அல்ல. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தாராளமாகத் தொடரலாம். பசும்பாலை ஒரு வயதுக்கு முன் தர வேண்டாம் என்பதே நம் ஊர்க் குழந்தைகள் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் ஆலோசனை. அக்கா வேலைக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டில் 10-வது மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டோம். தொடக்கத் தவறு அதுதான். ஒரு வயதுக்குப் பிறகு பசும்பால் நாளுக்கு 400 முதல் 500 மி.லி போதும்.

'நேத்து வரைக்கும் நல்லா சாப்பிட்டாளே!'

ஒரு வயதையொட்டிப் பல அம்மாக்கள் சொல்லும் வார்த்தை இது. பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் 9 கிலோ ஆகிறது. அடுத்த ஒரு வருடத்தில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இது இயல்பு. இது தெரியாமல், 'சாதம்தான் சாப்பிடலை, பாலாவது குடிக்கட்டும்' என்று பாட்டிலை நீட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பால் குடித்ததால் பசிப்பதில்லை, பசிக்காததால் சாப்பிடுவதில்லை, சாப்பிடாததால் மறுபடியும் பால்!

என்ன உணவு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதை நாம் தீர்மானிக்கலாம். எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். போனைக் காட்டி, மூக்கைப் பிடித்து ஊட்டுவதால் வயிறு நிறையலாம். சாப்பிடும் பழக்கம் வராது.

ஒரு நாள் எப்படி இருக்கலாம்?

ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இப்படி முயன்று பார்க்கலாம்:

* காலை 7 மணி: தாய்ப்பால் அல்லது 150 மி.லி பால்
* 8.30: நெய் தடவிய இட்லி அல்லது தோசையுடன், நன்றாக வெந்த முட்டை
* 10.30: மசித்த வாழைப்பழம், கொய்யா, பப்பாளி... ஏதாவது ஒன்று
* 12.30: குழைந்த சாதம், பருப்பு, கீரை, காய்
* மாலை 4: தாய்ப்பால் அல்லது 150 மி.லி பால், அவித்து மசித்த பயறு கொஞ்சம்
* இரவு 7: ராகிக் கூழ், கிச்சடி அல்லது உப்புமா
* படுக்கும் முன்: தாய்ப்பால் அல்லது 150 மி.லி பால். குடித்ததும் பல்லைத் துடைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் பால் வேண்டாம். டீயில் நனைத்த வர்க்கி, ரஸ்க் அறவே வேண்டாம். டீ, இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும்.

நம்ம ஊர்த் தட்டு

சேந்தமங்கலத்தில் நின்றால் கொல்லிமலை தெரியும். அங்கே ராகியும் சாமையும் விளைகின்றன, மலைவாழை கிடைக்கிறது. பக்கத்திலேயே நாமக்கல், மாநிலம் முழுக்கச் சத்துணவுக்கு முட்டை அனுப்பும் ஊர். டப்பா உணவைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

முட்டையில் நல்ல புரதம் இருக்கிறது. ஆனால், அதன் இரும்பு எளிதில் உடலில் சேராது. அதற்கு ஆட்டு ஈரல், கோழிக்கறியை நன்றாக வேகவைத்து, மசித்து, வாரம் இரண்டு நாள் கொஞ்சம் கொடுக்கலாம். சைவக் குடும்பங்களில் ராகி, பருப்பு, முருங்கைக்கீரை, பயறு வகைகள். இவற்றோடு இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ, தக்காளியோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். நிலக்கடலையை முழுதாகத் தர வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம்.

அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவை வாங்கிப் பயன்படுத்துங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மி.லி இரும்புச்சத்து சிரப் தருவது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கண் இமை, உள்ளங்கை வெளிறியிருந்தால், குழந்தை சோர்ந்தே இருந்தால், மண், சுவர்ச் சுண்ணாம்பைத் தின்றால், எடை ஏறாமல் நின்றால் தள்ளிப்போடாதீர்கள். ரத்தசோகை உறுதியானால் உணவு மட்டும் போதாது. மருந்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மருந்தோடு, முதலில் ராத்திரி பாட்டிலை நிறுத்தினோம். மூன்று நாள் அழுகை, யாருக்கும் தூக்கமில்லை. பிறகு பாட்டிலுக்குப் பதில் சின்ன எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் குடிக்கும்போது பாலின் அளவு தானாகவே குறைந்தது. இரண்டாவது வாரம், அம்மாயியின் தட்டில் இருந்த கீரைச் சாதத்துக்குத் தானாகவே கையை நீட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனை. ஹீமோகுளோபின் 10.6. இன்னும் ஏற வேண்டும், மருந்து தொடர்கிறது. "பால் குடிச்சிருச்சில்ல" என்று இப்போது அம்மா சொல்வதில்லை. நான் போன் செய்தால் அவர் முதலில் சொல்வது, பேத்தி அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்பதைத்தான்.