ஒரு நாளைக்கு 48 ரீடிங்: ஸ்மார்ட் மீட்டரின் கணக்கு

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பாளர் வந்து ரீடிங் எடுப்பார், வெள்ளை அட்டையில் குறிப்பார், போவார். ஆண்டுக்கு 6 எண்கள். ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒன்று வீதம் குறித்துக்கொள்கிறது. நாளுக்கு 48, ஆண்டுக்கு 17,520. பழைய கணக்கைப் போல 2,920 மடங்கு. நாடு முழுக்கத் திட்டமிட்ட 25 கோடி மீட்டர்களும் வந்துவிட்டால், ஒரே நாளில் 1,200 கோடிப் பதிவுகள் சேரும்.

இத்தனை எண்களுக்கு ஆகும் செலவை முதலில் பார்த்துவிடலாம். 2021-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். இதில் மீட்டருக்கு மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி. 25 கோடியால் வகுத்தால் மீட்டர் ஒன்றுக்கு 6,000 ரூபாய். பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றிய மானியம் 15 விழுக்காடு, அதுவும் 900 ரூபாய்க்கு மிகாமல். மீதி 5,100 ரூபாயை ஒப்பந்த நிறுவனம் போட்டுவிட்டு, மின் விநியோக நிறுவனத்திடம் மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளும். ஒப்பந்தத் தவணைக் காலமான 93 மாதத்துக்குப் பிரித்தால், வட்டி சேர்க்காமலே மாதம் சுமார் 55 ரூபாய். பில்லில் தனி வரியாக இது வராமல் போகலாம். ஆனால் விநியோக நிறுவனத்தின் செலவு எல்லாம் கடைசியில் கட்டண நிர்ணயத்தில்தான் வந்து விழும்.

மக்கள் அதிகம் அஞ்சுவது கதிர்வீச்சுக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது; அச்சம் வெறுங்கையோடு வரவில்லை. எனவே அளவைப் பார்ப்போம். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் ஒட்டிய உரிமமில்லா அலைவரிசையில் பேசும் மீட்டருக்கு, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து, அதிகபட்சம் 4 வாட் அனுமதி. அந்த உச்ச அளவிலேயே ஓயாமல் ஒலிபரப்பினாலும், 3 மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் படுவது சதுர மீட்டருக்கு 0.035 வாட். அதே அலைவரிசைக்கு செல்போன் கோபுரங்களுக்கு நம் நாடு 2012-இலிருந்து வைத்திருக்கும் வரம்பு சுமார் 0.43. அதாவது வரம்பில் 8 விழுக்காடு. மீட்டர் ஓயாமல் பேசுவதும் இல்லை. கலிபோர்னியாவில் ஒழுங்குமுறை ஆணையம் கேட்டபோது, அங்கிருந்த பெரிய மின் நிறுவனம் 2011-இல் தந்த விவரப்படி மீட்டர் சராசரியாக நாளுக்கு 45 வினாடிதான் ஒலிபரப்பியது. ஒரு நாளில் 86,400 வினாடி. இந்த விகிதத்தையும் பெருக்கினால் நாள் சராசரி வரம்பில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. கட்டில் தலைமாட்டுச் சுவரின் மறுபக்கம் மீட்டர் இருந்தால் இடம் மாற்றித் தரக் கேளுங்கள், தவறில்லை. இந்தப் பயத்துக்கு அதற்கு மேல் இடம் கொடுக்க எண்கள் அனுமதிக்கவில்லை.

தீ அப்படியல்ல. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் 2014-இல் 8 மீட்டர்கள் தீப்பிடித்தன. மாநில அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களைக் கழற்ற உத்தரவிட்டது. தயாரித்த நிறுவனம் பணமாகவும் பிற சலுகைகளாகவும் 4.7 கோடி கனடிய டாலர் ஈடு தந்தது. மீட்டருக்குள் மழைநீரும் அழுக்கும் புகுந்தது காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது திருகாணிக்குத்தான். மீட்டர் மாற்றும்போது ஃபேஸ், நியூட்ரல் ஒயர்களை டெர்மினலில் சரியாக முறுக்காமல் விட்டால் அந்த இணைப்பில் மின்தடை கூடும். வெறும் 0.1 ஓம் தடை, 20 ஆம்பியர் மின்னோட்டம் என்றாலே அங்கே 40 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ மெக்கானிக்கின் ஈயப்பற்று சூட்டுக்கோல் அளவு, பிளாஸ்டிக் பெட்டிக்குள். பழைய மீட்டரை மாற்றினாலும் இதே ஆபத்துதான். ஆனால் ஒப்பந்த ஆட்கள் அவசர அவசரமாக கோடிக்கணக்கில் மாட்டும்போது எத்தனை திருகாணி தளர்ந்து நிற்கும் என்பதே கேள்வி.

இனி அந்த 48 எண்களுக்கு வருவோம். 2,000 வாட் கீசர் 15 நிமிடம் ஓடினால் அந்த அரை மணிக் கட்டத்தில் 0.5 யூனிட் ஏறும். வீடு விழிக்கும் நேரம் தெரிந்துவிடும். நள்ளிரவில் ஒன்றரை டன் ஏசி ஓடி ஓடி நிற்பதும் தெரியும். வெறும் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடி, 48 கட்டங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் வீட்டில் ஆள் இல்லை. திருடனுக்கும் இது தகவல், வாடகைக்கு விட்டவருக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல். மின்னோட்ட ஏற்ற இறக்கத்தை வைத்தே வீட்டுச் சாதனங்களைப் பிரித்தறியும் முறையை உருவாக்கிய ஜார்ஜ் ஹார்ட், இது கண்காணிப்புக் கருவியாகிவிடும் என்று 1989-இலேயே எழுதினார். 2 வினாடிக்கு ஒரு பதிவு கிடைத்தால் டிவியில் எந்தப் படம் ஓடுகிறது என்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம் என்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர்.

மற்ற நாடுகள் இதைச் சட்டத்தின் முன் கொண்டுபோயின. நெதர்லாந்தின் மேலவை 2009-இல் கட்டாய மீட்டர் மசோதாவை அந்தரங்கக் காரணத்தால் ஏற்க மறுத்தது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகரில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த விவரம் மூன்றாண்டு வரை சேமிக்கப்பட்டது, வீட்டுக்கு 1,05,120 எண்கள். இதை எடுப்பது வீட்டைச் சோதனையிடுவதற்கு ஒப்பானது என்றது 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். நகராட்சியின் நோக்கம் நியாயமானது என்று கூறி அனுமதிக்கவும் செய்தது. நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டம் இருக்கிறது, அரை மணிப் பதிவை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று மீட்டர் மாட்ட வருபவரைக் கேட்டால் பதில் கிடைக்க வேண்டும், அதுதான் தேவை.

இன்னொன்று, தொலைவிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. உத்தரப்பிரதேசத்தில் தவறாகப் போன ஒரு கட்டளையால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. பாக்கி வைக்காதவர்களுக்கும் நின்றது. 25 கோடி வீட்டு வாசலிலும் அப்படியொரு சுவிட்ச் வரப்போகிறது. அதன் பூட்டு எத்தனை உறுதி என்பதே என் கணக்கில் முதல் கேள்வி.

மீட்டர் மாட்ட வரும்போது டெர்மினலை முறுக்குவதை நின்று பாருங்கள். தரவை எவ்வளவு காலம், யாரிடம் வைப்பார்கள் என்று விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ரீடிங்கில் சந்தேகம் இருந்தால் புகார் கொடுங்கள்: 2024-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் தந்த 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுக் காட்டுவது அவர்கள் கடமை.