பனியாற்றை அளக்கும் செயற்கைக் கோள்

கார்த்திகையில் அளந்த ஏரியையும் சித்திரையில் அளந்த ஏரியையும் ஒப்பிட்டு, ஏரி சுருங்கிவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். இமயமலைப் பனியாறுகளை விண்ணிலிருந்து அளக்கும் விஞ்ஞானிகளும் முதலில் பார்ப்பது பருவத்தைத்தான்.

மலைமுகட்டில் ஆண்டாண்டாகப் பெய்த பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகிச் சரிவில் மெல்ல இறங்கி வருவதே பனியாறு. கங்கையின் தலைநீரான பாகீரதி, சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் முனையாகிய கோமுகத்தில் புறப்படுகிறது. அத்தகைய இடங்கள் அனைத்திற்கும் ஆண்டுதோறும் ஆள் சென்று அளப்பது இயலாத காரியம். ஆகவே, 1988 மார்ச் 17-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ முதலாக வந்த நமது தொலையுணர்வுக் கோள்களும், அயல்நாட்டுக் கோள்களும் இதற்குப் பயன்பட்டு வருகின்றன.

பனியும் மேகமும் நம் கண்ணுக்கு ஒரே வெண்மை. கோளிலுள்ள கருவியோ கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்கிறது. அவ்வொளியின் ஒரு பகுதியில் பனி கறுத்தும், நீர்மேகம் வெளுத்தும் தோன்றுவதால் இரண்டையும் பிரித்தறியலாம். புதுப்பனி கரைந்து, பழைய பனிக்கட்டி வெளிப்படும் ஆவணி, புரட்டாசியே படமெடுக்க உகந்த காலம். ஆனால் கற்குவியல் மூடிய பனியாற்று முனை மலைச்சரிவைப் போலவே தோன்றும். அங்கே கருவியைவிடப் பழகிய கண்ணே உதவுகிறது. 2011-இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2 கோளின் ஒரு கருவி தரும் படத்தில், ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரைச் சென்ட். அதற்குட்பட்ட மாறுதலை ஓராண்டில் நம்பிச் சொல்ல முடியாது. பத்தாண்டு இடைவெளியாவது வேண்டும்.

அவ்வாறு 2000-01 முதல் 2010-11 வரை 2,018 பனியாறுகளை ஒப்பிட்டதில், 1,752 பனியாறுகளின் முனை நின்ற இடத்திலேயே நின்றது, 248 பின்வாங்கின, 18 முன்னேறின. பனியெல்லாம் உருகிப்போயிற்று என்பாரும், ஒன்றுமே ஆகவில்லை என்பாரும் இக்கணக்கைப் பார்ப்பது நல்லது. முனை நகராவிட்டாலும் கட்டியின் கனம் குறையக்கூடும். அதை இவ்வகைப் படம் காட்டாது.

பின்வாங்கிய பனியாற்றின் முன்னே, கல்லும் மண்ணும் தாமே கரையாக அமைந்து ஏரி உண்டாகிறது. இமாசலப் பிரதேசத்துக் கேபாங் காட் ஏரி 1989-இல் 36.49 ஹெக்டேர், 2022-இல் 101.30 ஹெக்டேர். நம் கணக்கில் 90 ஏக்கர் 250 ஏக்கராகியிருக்கிறது. இத்தகைய கரைக்கு மதகில்லை, கட்டிய கலங்கலுமில்லை. சிக்கிமில் தெற்கு லோனாக் என்னும் பனியேரி 2023 அக்டோபரில் உடைந்தபோது, தீஸ்தா நதியில் சுங்தாங் அணை அடித்துச் செல்லப்பட்டது. பல உயிர்கள் மாண்டன. ஏரி பெருகி வருவதை முன்னரே படங்கள் காட்டியிருந்தன. படம் கரையைக் காக்காது. கீழுள்ள ஊர்களுக்குச் செய்தி சொல்ல ஆளும் ஏற்பாடும் வேண்டும்.

பாலாற்றுக்குப் பனியாறு கிடையாது; மழையே முதல். எனினும் திமிரி வட்டாரத்து ஏரிகளின் நீர்ப்பரப்பையும் இதே முறையில் அளக்கலாம். அகச்சிவப்புப் படத்தில் தண்ணீர் கறுத்து நிற்கும். அது அன்றைய நீரின் எல்லையேயன்றி ஏரிப் புறம்போக்கின் எல்லையன்று. ஆக்கிரமிப்பு குறித்து ஒன்றிய அலுவலகத்திற்குப் படத்துடன் வரும் உறுப்பினர்கள், படமெடுத்த தேதியையும், ‘அ’ பதிவேட்டிலுள்ள ஏரியின் பரப்பையும் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்து நில அளவரை அழைத்து எல்லைக் கற்களைச் சரிபார்க்க ஏற்பாடு செய்வது எளிதாகும்.