பொருநையின் மழைக்கணக்கு

பொதிகை மலையில் தோன்றிச் சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும், பொருநை எனவும் வழங்கும் தாமிரபரணி, தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளாலும் நீர் பெறும் ஆறாகும். ஓர் ஆற்றுக்குத் தண்ணீரை வடித்துத் தரும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை இவ்வாற்றின் நீர்ப்பிடிப்பு மலைகளில் மழை கொட்ட, மழைமறைவில் கிடக்கும் திருநெல்வேலிச் சமவெளி வறண்டிருக்கும். ஆயினும் ஆற்றில் வரும் தண்ணீரை நம்பிக் கார் நெல் நடப்படுகிறது. அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழையோ மலைக்கும் சமவெளிக்கும் பொதுவாகப் பெய்து பிசான நெல்லை வளர்க்கிறது.

இத்தகைய பகுதியில் மழைமானிகளின் அளவுகளைக் கூட்டி எளிய சராசரி கண்டால் அது ஆற்றின் நிலையைக் காட்டாது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய மலையூர்களில் பதிவாகும் மழை திருநெல்வேலி நகரின் மழையைப்போலப் பல மடங்காகும். மழைமானிகளோ சமவெளியிலேயே மிகுதி. 1911இல் தீசன் வகுத்த முறை, ஒவ்வொரு மழைமானிக்கும் அதற்கு மிக அண்மையிலுள்ள நிலப்பரப்பை உரிமையாக்கி, அப்பரப்பின் அளவுக்கேற்ப அதன் பதிவுக்கு மதிப்பளிக்கிறது. உயரம் கூடக்கூட மழை மாறுவதை இம்முறை கருதுவதில்லை என்பதால், மலைச்சரிவுகளுக்கு இதை மட்டும் நம்புவது தவறாகும்.

பெய்த மழை ஆறாக மாறும் விதத்தை நீரோட்ட வரைவு காட்டுகிறது. நேரத்துக்கு நேரம் ஆற்றில் செல்லும் நீரின் அளவைக் குறிக்கும் இக்கோடு, பெருமழையில் செங்குத்தாக ஏறி, மெல்ல இறங்கி, மழையற்ற நாட்களில் மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வரும் அடிநீரோட்டத்தில் நிலைகொள்கிறது. சோலைக்காடுகளின் மண் மழையை உறிஞ்சிப் பிடித்து வைத்திருப்பதாலேயே மழை ஓய்ந்த பின்னும் ஓடைகள் வற்றுவதில்லை. காட்டைக் காப்பது கோடைக்கான தண்ணீரைக் காப்பதேயாகும். ஆனால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நீரைத் தேக்குவதாலும், எட்டு அணைக்கட்டுகள் கால்வாய்களில் அதைப் பிரிப்பதாலும், கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் அளக்கப்படுவது ஆற்றின் இயல்பான ஓட்டமன்று. தேங்கியதையும் பிரிந்ததையும் ஆவியானதையும் திரும்பக் கூட்டியே அதைக் கணிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கழிமுகத்துக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அணைகளின் நீர்மட்டத்தை மட்டும் நோக்கும் கணிப்பில், அணைகளுக்குக் கீழே சமவெளியில் பெய்யும் இத்தகைய மழை விடுபட்டுப்போகும். மேலும், நாள் மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுவதால், அந்நேரத்தைக் கடந்து பெய்யும் ஒரே மழை இரு நாள் கணக்குகளில் பிரிந்துவிடுகிறது. வெள்ளத்தின் உச்சத்தைக் கணிக்க மணிக்கு மணி பதியும் தானியங்கி மழைமானிகள் மலையிலும் சமவெளியிலும் ஒருசேரத் தேவைப்படுகின்றன.