ஏது எங்கே?

பாவைத் தறியிலேற்றும் நெசவாளர் இழையை விரலால் தடவிப் பார்க்கின்றார். அறுந்த இழை கண்டால் முடிந்த பின்னரே மேற்செல்கின்றார். உழவர் விதைநெல்லை உப்புநீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்கிய பின்னரே நாற்றங்காலுக்குக் கொண்டு செல்கின்றார். கையாளும் பொருளிடத்தில் இத்துணைக் கவனம் செலுத்தும் நாம், காதில் விழும் சொல்லையும் வாயினின்று புறப்படும் சொல்லையும் அவ்வாறு சோதிக்கின்றோமா? இல்லையென்பதை நாம் நமது 58-ஆம் வயதில் மீண்டும் மாணவராகித்தான் அறிந்துகொண்டோம். அவ்வனுபவத்தை அங்கத்தினர்களாகிய உங்கள் முன் வைக்கின்றோம்.

நாம் வசிப்பது அம்பத்தூரைச் சார்ந்த மேனாம்பேட்டில். 1964-இல் தொழிற்பேட்டை அமைந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட வட்டாரம் இது. நெசவுக் குடியிற் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இங்கே குடியேறிய போதிலும், பிறந்த ஊரின் நெசவாளர் சங்கத்தில் நமது அங்கத்தினர் உரிமை தொடர்ந்து இருந்து வருகின்றது. அச்சங்கத்தின் மகாசபையில் நாம் ஆற்றிய ஒரு பேச்சிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகின்றது.

அவ்வாண்டு தீபாவளிக்குமுன், விலை குறைந்த சாய நூலைப் பரீட்சார்த்தமாக வாங்கிச் சில தறிகளில் நெய்திருந்தோம். அச்சேலைகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. உடனே நாம் மகாசபையில் எழுந்து, “இந்நூலால்தான் விற்பனை பெருகிற்று, இதில் ஐயத்திற்கு இடமேயில்லை, இனி எல்லாத் தறிகளுக்கும் இதையே வாங்குவோம்” என்று முழங்கினோம். முதிய நெசவாளர் ஒருவர் மட்டும், “நனைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்” என்றார். “காலம் மாறியதை அறியாதவர் பேச்சு” என்று நாம் கூற, சபையும் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது. சில மாதங்களில், சாயம் போன சேலைகள் மூட்டையாகத் திரும்பி வந்தன. சங்கம் நட்டப்பட்டது, நெய்தவர்களின் கூலியும் தாமதப்பட்டது. நாமோ விதியின்மேலும் சந்தையின்மேலும் பழியைப் போட்டுவிட்டு வாளாவிருந்தோம்.

இந்நிலையில், அடுத்த வீட்டிலுள்ள கல்லூரி மாணவி, தாம் இணையவழியில் ஒரு பாடம் பயில்வதாகச் சொல்லி, “மாமா, நீங்களும் சேருங்களேன். கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ, குறிப்பாகச் சொன்னாரோ, நாம் சேர்ந்துவிட்டோம்.

அமெரிக்க நாட்டின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் என்பவரும், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராம் நேட்டா என்பவரும் நடத்தும் பாடம் அது. ‘மீண்டும் சிந்தியுங்கள்’ என்று பொருள்படும் தலைப்புடையது. 2012-இல் தோன்றிய கோர்செரா என்னும் இணையக் கல்வி நிலையத்தின் வாயிலாக அவ்வாண்டு இறுதியிலேயே தொடங்கப் பெற்றுப் பின்னர் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. வாதத்தைப் புரிந்துகொள்ளுதல், விதியிலிருந்து முடிவு காணல், அனுபவத்திலிருந்து முடிவு காணல், வாதப் பிழைகளைத் தவிர்த்தல் என்பன அப்பகுதிகள். சிறு சிறு ஒளிப்படச் சொற்பொழிவுகளும் அவற்றையடுத்துத் தேர்வு வினாக்களும் உண்டு. கைப்பேசியிலேயே, இரவு உணவிற்குப்பின், திண்ணையிலமர்ந்து நாம் பயின்றோம்.

உண்மையை மறைப்பானேன்? முதல் தேர்வில் பாதிக்கு மேற்பட்ட விடைகள் தவறாயின. பாடம் ஆங்கிலத்தில் நடந்ததும் பெருந்தடையாயிற்று. மூன்று வாரம் பாடத்தைத் தொடவேயில்லை. இத்தகைய இணையப் பாடங்களில் சேர்வோர் பலராயினும் முடிப்போர் சிலரே என்பர். அப்பலருள் நாமும் ஒருவராகியிருப்போம். அம்மாணவிதான் ஒவ்வொரு சொற்பொழிவையும் உடனிருந்து கேட்டு, கடினமான சொற்களுக்குத் தமிழில் பொருள் கூறி, நம்மைக் கரையேற்றினார்.

முதற் பாடமே நம்மைத் திடுக்கிடச் செய்தது. வாதம் என்பது உரத்த குரலன்று, சண்டையுமன்று, ஒரு முடிவும், அதற்கு ஆதாரமாக நிற்கும் காரணங்களும் சேர்ந்ததே வாதம் என்றனர். ‘ஆகையால்’, ‘ஏனெனில்’ போன்ற சொற்களைக் கொண்டு, எது காரணம், எது முடிவு எனப் பிரித்து எழுதப் பழக்கினர்.

பின்னர், சொற்கள் செய்யும் மாயத்தைக் காட்டினர். ‘சில’, ‘பெரும்பாலும்’ என்பன கூற்றுக்கு வேலியிட்டு, அதை அளவுக்குள் நிறுத்துகின்றன. ‘நிச்சயமாக’, ‘யாவரும் அறிந்ததே’ என்பனவோ, காரணம் கூறாமலே நம்பிக்கையை வாங்கிவிடுகின்றன. ‘ஆனால்’ என்ற சிறு சொல், தனக்குப் பின்வருவதற்கே கனம் சேர்க்கின்றது. “நூல் மலிவுதான், ஆனால் சாயம் போகும்” என்றால் வாங்க மாட்டோம். “சாயம் போகும்தான், ஆனால் நூல் மலிவு” என்றால் கை பணப்பையை நாடுகின்றது. செய்தி இரண்டிலும் ஒன்றே. மகாசபையில் நாம் கூறிய ‘ஐயத்திற்கு இடமேயில்லை’ என்பது இவற்றுள் எவ்வகை என்று எண்ணிப் பார்த்தபோது வெட்கம் மேலிட்டது.

காரண காரியம் பற்றிய பாடம் வந்த இரவு நமக்கு உறக்கமில்லை. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. காரணம் என்று கருதப்படுவது இல்லாத இடத்திலும் அக்காரியம் நிகழ்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்றனர். அடுத்தமுறை ஊருக்குச் சென்றபோது சங்கத்தின் விற்பனைக் கணக்கைப் புரட்டினோம். பழைய நூலில் நெய்த சேலைகளும் அதே தீபாவளிக்குமுன், அதே விரைவில், விற்றுத் தீர்ந்திருந்தன! விற்றது நூலன்று, பண்டிகை. அக்கணக்கு மகாசபையன்று மேசைமீதே இருந்தது. அதை நாமும் திறக்கவில்லை. திறக்கும்படி எவரும் கேட்கவுமில்லை.

மற்றொரு பாடம் இன்னும் சுட்டது. சொல்லப்பட்டதை விட்டுச் சொன்னவரைத் தாக்குவது வாதப் பிழைகளுள் ஒன்று என்றனர். முதியவர் கூறியது நூலைப் பற்றி. நாம் கூறியது அவருடைய வயதைப் பற்றி. சபையின் சிரிப்பு அந்த வேற்றுமையை மறைத்துவிட்டது.

இவையெல்லாம் மேனாட்டார் கண்ட புதுமைகள் என்று எண்ண வேண்டா. கூலவாணிகராகிய சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சி மாநகரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கற்பிக்கின்றார். நிலைநாட்ட விரும்பும் கூற்று பக்கம். அதற்குரிய காரணம் ஏது. காட்டும் உவமை திட்டாந்தம். மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகையுண்மையால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். மூன்றிலும் நேரக்கூடிய போலிகளையும் அவர் வகைப்படுத்துகின்றார். தெரிவது பனியோ புகையோ என்று தெளியாத நிலையிலேயே நெருப்புண்டெனத் துணிதல் அவற்றுள் ஒன்று. கைப்பேசியில் வரும் வதந்தியை உண்மையென்று கொண்டு பிறருக்கு அனுப்புவோர் செய்வதும் அதுதானே! நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சியின் பெயரால், தானியம் விற்ற ஒரு புலவர் இக்கலையைத் தமிழில் தந்திருக்க, நாம் அதைக் கடல்கடந்து கற்க நேர்ந்தது.

பாடம் முடிந்தபின் நாம் முதலிற் சென்றது அம்முதியவர் இல்லத்திற்கே. பிழையை ஒப்புக்கொண்டோம். அவர் புன்னகையுடன், “தம்பி, நூலுக்கு வாய் கிடையாது. நனைத்தால்தான் பேசும்” என்றார். நான்கு பகுதிகளாக நாம் பயின்றதை அவர் ஒரு வாழ்நாளில் தறியடியில் பயின்றிருந்தார். பாடம் நமக்கு நூலறிவைத் தரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அறிந்தவர் கூறுவதைச் செவிமடுக்கும் பக்குவத்தையே அது தந்தது.

அடுத்த மகாசபையில் நமது பழைய வாதத்தைப் பக்கம், ஏது, திட்டாந்தம் என மூன்று வரிகளாகக் கரும்பலகையில் எழுதி, அது எங்கே அறுந்தது என்று நாமே காட்டினோம். போன பணம் திரும்பவில்லை. சிலருடைய கோபமும் இன்னும் தணியவில்லை, அது நியாயமே. ஆயினும் அன்று ஒரு வழக்கம் பிறந்தது. கொள்முதல் பற்றிய தீர்மானம் எதுவாயினும், காரணமும் கணக்கும் உடன் எழுதப்பட்டாலன்றி வாக்கெடுப்பிற்கு விடுவதில்லை.

கூட்டுறவில் ஆள் ஒன்றுக்கு ஒரு வாக்கு. வாக்கு சமமாயிருப்பதனாலேயே, ஆராயாத வாக்கும் ஆராய்ந்த வாக்குக்கு நிகரான பலம் பெற்றுவிடுகின்றது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர் கூடித் தொடங்கிய சங்கம், நாளடைவில் தன் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கியது. சிந்திக்கும் அங்கத்தினரே சங்கத்தின் மூலதனம் என்பதை அம்முன்னோடிகள் உணர்ந்திருந்தனர்.

ஆகவே, அங்கத்தினர்களே, நெசவாளராயினும் உழவராயினும், அடுத்த கூட்டத்தில் எவரேனும் எழுந்து, “ஐயத்திற்கு இடமேயில்லை” என்று முழங்கினால், மரியாதையாக, ஆனால் தயங்காமல், “ஏது எங்கே?” என்று கேளுங்கள். அவ்வாறு பேசுபவர் நாமாயிருப்பின், இன்னும் உரக்கக் கேளுங்கள்.