வலி டைரி: காகிதமா, கருவியா?

"வலி இப்போ எவ்வளவு? 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்க." இதைக் காகிதத்தில் கேட்டாலும் திரையில் கேட்டாலும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். 46 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொல்வது அதைத்தான். அப்போ காகிதமே போதுமே?

சிக்கல் பதிலில் இல்லை, எழுதிய நேரத்தில் இருக்கு. நாள்பட்ட வலி உள்ள 80 பேரில் பாதிப் பேருக்குக் காகித டைரி, மீதிப் பேருக்கு மின்னணு டைரி கொடுத்தார் ஆர்தர் ஸ்டோன் (2002). காகித டைரியில் திறப்பதைக் கண்டுபிடிக்கும் ஒளி உணரி ஒளிந்திருந்தது. சரியான நேரத்தில் எழுதியதாகக் காகிதம் சொன்னது 90 சதவீதம். உணரி சொன்னது 11! மின்னணு டைரியில் 94.

அப்போ அரூருக்கும் டேப்லெட் வாங்கிடலாமா? 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் பணியாளர் கேள்வியைப் படித்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பரவால்ல கண்ணு" என்கிறார் பாட்டி. பணியாளர் 3 என்று தட்டுகிறார். நேரம் துல்லியம், எண் யாருடையது?

கேள்வியைக் கருவியே நம்ம பேச்சுத் தமிழில் கேட்கணும், முகப் படத்தைப் பாட்டியே தொடணும், மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் பதில் சேமிக்கப்படணும். அப்போதான் அது நோயாளியின் பதில்.