உயரம் கம்மியா? கவலை வேண்டாம்... கூடைப்பந்தில் ‘பாயிண்ட் கார்டு’ ஆகலாம்! பெண்களுக்கு சம்பளம், வேலை எப்படி? முழு விவரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்:-

மடவார் வளாகம், ராஜபாளையம் பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்து கம்பம் நிற்பது புதுசு இல்லை. சாயங்காலம் ஆனால் பையன்களுக்கு சரிசமமாக பொண்ணுங்களும் பந்தை தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஆனால் இந்த ஓட்டம் எத்தனை வருடம்? பத்தாம் வகுப்பு வரை ஓடும். பிளஸ்-1 வந்ததும் வீட்டில் பேச்சு மாறும். ‘‘பொம்பளைப் பிள்ளை பந்தை தட்டி என்ன ஆகப்போகுது? ஒழுங்கா டியூஷனுக்குப் போ’’ என்பார்கள். பந்து பரணுக்குப் போய்விடும்.

பெற்றோரை குறை சொல்லியும் புண்ணியம் இல்லை. கிரிக்கெட்டில் காசு இருக்கிறது என்பது சின்ன பிள்ளைக்கும் தெரியும். கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்கு சோறு போடுவது யார்? அவள் எத்தனை வயது வரை ஆடலாம்? அப்புறம் என்ன ஆவாள்? இதை யாரும் விளக்கிச் சொல்வது இல்லை.

அதிலும் ‘பாயிண்ட் கார்டு’ என்று ஒரு இடம் இருக்கிறது. நம் ஊர் பிள்ளைகள் முக்கியமாக தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அது. விவரமாக பார்ப்போம்.

பாயிண்ட் கார்டு என்றால் யார்?

கூடைப்பந்தில் ஒரு அணிக்கு 5 பேர். ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கூடை தரையில் இருந்து 10 அடி உயரத்தில் தொங்கும்.

நெட்டையாக இருப்பவர்கள் கூடைக்கு அடியில் நிற்பார்கள். பந்து மேலே வந்தால் பிடிப்பார்கள், உள்ளே போடுவார்கள். அந்தப் பந்தை கீழ் முனையில் இருந்து தட்டி எடுத்து வந்து, யாருக்கு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவர்தான் பாயிண்ட் கார்டு. அணியில் இவரை ‘1-ம் நம்பர்’ என்றும் சொல்வார்கள்.

பஸ்சுக்கு டிரைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் இவர் கையில்.

வேலை சாதாரணம் இல்லை. சர்வதேச விதிப்படி பந்து கைக்கு வந்த 8 விநாடிக்குள் பாதி ஆடுகளத்தைத் தாண்டியாக வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். தவறினால் பந்து எதிர் அணிக்குப் போய்விடும். எதிரில் ஒருத்தி கையை விரித்துக்கொண்டு மறிப்பாள். தட்டுகிற பந்தை குனிந்து பார்க்கக் கூடாது. கண் மேலே இருக்க வேண்டும். தன் அணியின் 4 பேர், எதிர் அணியின் 5 பேர், கடிகாரம்... எல்லாம் மனதில் ஓட வேண்டும்.

இவர் கொடுத்த பந்தை வாங்கி இன்னொருத்தி கூடையில் போட்டால் அதற்கு ‘அசிஸ்ட்’ என்று பெயர். நல்ல பாயிண்ட் கார்டுக்கு பெருமை, தான் போட்ட புள்ளியை விட போட வைத்த புள்ளிதான்.

5 அடி 3 அங்குலத்தில் சாம்பியன்!

‘எங்க பொண்ணு குள்ளம். கூடைப்பந்துக்கு சரிப்படாது’ என்று ஒதுக்குகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் 1997-ல் இருந்து நடக்கிறது. பெயர் டபிள்யூ.என்.பி.ஏ. அதில் டெமிகா ஜான்சன் என்ற பாயிண்ட் கார்டு ஆடினார். உயரம் 5 அடி 3 அங்குலம்தான். ஆறடிக்கு மேல் உள்ள பெண்கள் நடுவில் புகுந்து புகுந்து ஓடினார். 2005-ம் ஆண்டின் சிறந்த புதுமுக வீராங்கனை விருது அவருக்குத்தான். 2009-ல் சாம்பியன் பட்டம் வென்ற பீனிக்ஸ் மெர்குரி அணியிலும் அவர் இருந்தார்.

பாயிண்ட் கார்டுகளில் ராணி என்று சொல்லப்படுபவர் சூ பேர்ட். 5 அடி 9 அங்குலம். 2002-ல் சியாட்டில் ஸ்டார்ம் அணியில் சேர்ந்தார். 2022-ல் அதே அணியில் ஓய்வு பெற்றார். அப்போது வயது 41! 4 லீக் பட்டம், 2004-ல் தொடங்கி வரிசையாக 5 ஒலிம்பிக் தங்கம். மொத்தம் 3 ஆயிரத்து 234 அசிஸ்ட் செய்திருக்கிறார்.

கால் வேகம் வயசானால் குறையும். கண்ணும் மூளையும் குறையாது. பாயிண்ட் கார்டுகள் பலர் நீண்ட நாள் ஆடுவதற்கு இதுவே காரணம்.

சென்னை பொண்ணு... 18 வயதுக்குள் இந்திய அணி!

சரி, அது அமெரிக்கா. நம் நாட்டில்?

தமிழ்நாட்டின் பெயரை நாடு முழுக்க பேச வைத்தவர் அனிதா பால்துரை. சென்னையில் 1985-ல் பிறந்தவர். பந்தை கொண்டு வரும் ‘கார்டு’ வரிசையில் ஆடியவர். இளம் வயதிலேயே இந்திய சீனியர் அணிக்கு வந்துவிட்டார். 19 வயதில் கேப்டன்!

2001 முதல் 2017 வரை தொடர்ச்சியாக 9 ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக இறங்கினார். 2013-ல் தோகாவில் நடந்த 3 பேர் ஆடும் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்திய பெண்கள் தங்கம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். தேசிய போட்டிகளில் மட்டும் 30 பதக்கம் என்று கணக்கு சொல்கிறார்கள்.

இவரது கதையில் நம் ஊர் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கல்யாணம் ஆனது. குழந்தை பிறந்தது. ‘இனி அவ்வளவுதான்’ என்று பலரும் நினைக்கும் நேரம். அவர் மீண்டும் பயிற்சிக்கு வந்தார். 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த ஆசிய கோப்பை ‘பி’ பிரிவு போட்டியில் அம்மாவாக ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்றது. வித்தியாசம் ஒரே ஒரு கூடை! அந்த வெற்றியால் இந்தியா ‘ஏ’ பிரிவுக்கு ஏறியது.

2021-ல் மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

சம்பளம் கொடுத்தது யார்?

இத்தனை வருடம் அவருக்கு சம்பளம் கொடுத்தது எந்த லீக்கும் இல்லை. தெற்கு ரெயில்வே! ஆமாம்... நாம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறோமே, அதே ரெயில்வேதான்.

பெண்கள் கூடைப்பந்துக்கு வருஷா வருஷம் நிலையாக நடந்து, கை நிறைய காசு தரும் லீக் நம் நாட்டில் வேரூன்றவில்லை. அதனால் இங்கே தொழில்முறை வீராங்கனை என்றால் பெரும்பாலும் அரசு வேலையில் இருந்துகொண்டு ஆடுபவர்தான்.

ரெயில்வேயில் இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி அணி உண்டு. மண்டலங்கள் தங்களுக்குள் மோதும். அதில் நன்றாக ஆடுபவர்களைச் சேர்த்து ‘இந்திய ரெயில்வே’ அணியை எடுப்பார்கள். அந்த அணி தேசிய போட்டியில் தமிழ்நாடு, கேரளா போன்ற மாநில அணிகளுடன் மோதும். பெண்கள் பிரிவில் பல வருடங்களாக ரெயில்வே கைதான் ஓங்கி இருக்கிறது. காரணம் எளிது. நாடு முழுக்க நல்ல வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்து சேர்த்துக்கொள்கிறது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வயது 18 முதல் 25-க்குள். எழுத்துத் தேர்வுக்கு பதில் களத்தில் தேர்வு. மொத்தம் 100 மார்க். சாதித்த சான்றிதழ்களுக்கு 50, மைதானத்தில் ஆடிக்காட்டுவதற்கு 40, படிப்புக்கு 10. வேலைக்கு ஏற்ப பத்தாம் வகுப்பு, பிளஸ்-2, டிகிரி என்று தகுதி மாறும். 7-வது சம்பள கமிஷன் கணக்கில் கடைசி நிலை வேலைக்கே அடிப்படை சம்பளம் மாதம் 18 ஆயிரம் ரூபாய். படிகள் தனி. டிகிரியும் இந்திய அணி சான்றிதழும் இருந்தால் மேல் நிலையில் நுழையலாம்.

ஆட்டம் முடிந்தாலும் வேலை நிற்கும். இதுதான் இதன் பெரிய பலம். முழங்கால் போனாலும் சம்பளம் போகாது.

தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உள்ளது.

வெளிநாட்டு கதவு திறக்குமா?

கேரளாவைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் தெற்கு ரெயில்வேயில் அனிதாவுடன் ஆடியவர். உயரம் 6 அடி 2 அங்குலம். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்க லீக்கில் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஆன்டோனியோ ஆகிய 3 அணிகள் அவரை சோதனை ஆட்டத்துக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அப்படி அழைப்பு வந்தது அதுவே முதல் முறை. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

அமெரிக்காவிலும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. 2024-ல் கெய்ட்லின் கிளார்க் என்ற பாயிண்ட் கார்டை இந்தியானா பீவர் அணி முதல் ஆளாக எடுத்தது. முதல் வருடத்திலேயே 337 அசிஸ்ட். ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட். இரண்டுமே அப்போது லீக் சாதனை. அவர் ஆடினால் அரங்கம் நிரம்பும். ஆனால் அந்த வருட லீக் சம்பளம் 76 ஆயிரத்து 535 டாலர்தான். நம் காசுக்கு சுமார் 64 லட்சம். அதே வருடம் ஆண்கள் லீக்கில் முதலில் எடுக்கப்பட்ட பையனுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல்! கிளார்க்குக்கு விளம்பரத்தில் வருமானம் கொட்டியது வேறு விஷயம். சூ பேர்ட் போன்றவர்களே லீக் முடிந்ததும் ரஷ்யாவுக்குப் போய் ஆடித்தான் சம்பாதித்தார்கள்.

முழங்கால்... ஜாக்கிரதை!

இந்த ஆட்டத்தில் திடீரென நிற்பது, திரும்புவது, குதித்து இறங்குவது அதிகம். முழங்கால் உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது ஆண்களை விட பெண்களுக்கு அதிகம். ஆபரேஷன் ஆனால் திரும்பி வர 9 மாதம், ஒரு வருடம்கூட ஆகும். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, இரண்டு காலிலும் சமமாக இறங்க சிறு வயதிலேயே பழக்க வேண்டும். தொடை, இடுப்பு பலப்பட பயிற்சி தர வேண்டும். சிமெண்ட் தரையில் தேய்ந்துபோன ஷூவுடன் ஓட விடாதீர்கள்.

சாப்பாடும் முக்கியம். வளரும் பிள்ளை இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் வெறும் டீ, பன் போதாது. முட்டை, பயறு, பால், கீரை தட்டில் இருக்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் மூச்சு வாங்கும். ‘பொண்ணு சோம்பேறி’ என்று திட்டும் முன் ரத்தத்தை பரிசோதித்துப் பாருங்கள்.

நம் ஊர் பெண் என்ன செய்யலாம்?

10 முதல் 12 வயதுக்குள் பந்தை கையில் எடுப்பது நல்லது. இடது கையாலும் தட்ட பழக வேண்டும். தேசிய அளவில் 13 வயதுக்கு கீழ் சப்-ஜூனியர், 16-க்கு கீழ் யூத், 18-க்கு கீழ் ஜூனியர், அதற்கு மேல் சீனியர் என்று பிரிவுகள் உள்ளன. பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி என்று ஏற வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. 7, 8, 9, 11-ம் வகுப்பு சேரும் பிள்ளைகளுக்கு தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, கோச் எல்லாம் கிடைக்கும். விருதுநகர் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதல்-அமைச்சர் கோப்பை போட்டியிலும் கூடைப்பந்து உண்டு.

ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரமாக வைக்க வேண்டும். ரெயில்வே தேர்வில் அதற்குத்தான் பாதி மார்க். படிப்பையும் விடக்கூடாது. டிகிரி கையில் இருந்தால் சம்பளம் ஒரு படி மேலே.

இதில் ஒளிவுமறைவு வேண்டாம். பந்து தட்டும் எல்லா பிள்ளைக்கும் வேலை கிடைத்துவிடாது. ஒரு மண்டலத்தில் ஒரு வருடத்தில் கூடைப்பந்துக்கு வரும் இடங்கள் கை விரலுக்குள்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வேலைக்கு கதவு திறக்கும் வயது 18. நம் வீட்டில் பந்தை பிடுங்கும் வயது 15, 16. கதவு திறக்க இரண்டு வருடம் இருக்கும்போதே பிள்ளையை திருப்பி கூட்டி வந்துவிடுகிறோம்.

டியூஷன் காலையில் இருக்கட்டும். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் மைதானத்துக்கு விடுங்கள். 18 வயது வரைக்குமாவது பந்து பரணுக்குப் போக வேண்டாம்!