ரஜூலாவின் கொதிகலன் அசையாமல் நின்றது எப்படி?

சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானுக்கு, ஆள் ஏற்றி வந்த ‘ரஜூலா’வைக் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அக்கப்பல் ஓடியது நீராவியில்.

நீராவிக் கப்பலில் கொதிகலனை அமர்த்துவதே பெரும்பாடு. வங்கக் கடல் எவ்வளவு ஆட்டினாலும் அது இடம்பெயரக் கூடாது. பெயர்ந்தால் குழாய் முறியும். பீறிடும் நீராவி இயந்திர அறையில் இருப்பவர்களின் உயிரைக் குடித்துவிடும். அதற்காக இறுக்கிப் பூட்டிவிடவும் முடியாது. 5 மீட்டர் நீள எஃகுக் கொதிகலன் 200 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லை என்றால் தாங்கியே விரிசல் விடும்.

ஆகவே ஒரு முனையை மட்டும் தாங்கியோடு இறுக்குவார்கள். மறுமுனையில் போல்ட் துளை நீளவாக்கில் இருக்கும். கொதிகலன் முன்பின் வழுக்கும், பக்கவாட்டில் அசையாது. சுமை முழுவதும் கப்பலின் இரட்டை அடித்தளத்தில் இறங்கும். வெப்பமும் ஈரமும் சேரும் அந்த இடம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அணுசக்தி நீர்மூழ்கியிலும் சுழலியைச் சுற்றுவது நீராவியே. அங்கே ஓசையும் எதிரி. அதிர்வு உடற்கூட்டுக்குப் போகாதிருக்க, இயந்திரங்களை ரப்பர் தாங்கிகள் மேல் வைப்பார்கள். மலேசியக் கடற்படையின் இரண்டு நீர்மூழ்கிகளும் டீசல்-மின்சார வகை. அவற்றில் நீராவிக்கு வேலையில்லை.